எந்த நாட்டு டிராக்டர் தரமானது? ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

ஜெர்மனி வண்டி உறுதியானது, ஜப்பான் வண்டி நுணுக்கமானது, ரஷ்யப் பக்கத்து வண்டி முரட்டு உழைப்புக்கு ஏற்றது, இந்திய வண்டி விலை மலிவானது என்று ஒரு தரவரிசை டிராக்டர் வாங்குவோரிடையே நெடுங்காலமாகப் புழங்கி வருகிறது. இதில் ஓரளவு உண்மை இருந்தாலும், கையில் பணத்தோடு விற்பனை நிலையத்துக்குப் போகிறவருக்கு இது பயன்படுவதில்லை. நிறுவனத்தின் பெயர் ஒரு நாட்டிலும், ஆலை இன்னொரு நாட்டிலும், எஞ்சினின் பூர்விகம் வேறொரு நாட்டிலும் இருப்பதே இன்று வழக்கம். எனவே நாட்டை நாட்டோடு ஒப்பிடுவதை விட்டு, ஒரு மாடலை அதே திறனுள்ள இன்னொரு மாடலோடு, ஒரே அளவுகோலை வைத்து ஒப்பிட வேண்டும்.

வண்டி எங்கே செய்யப்பட்டது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். விளம்பரத் தாளை விட, வண்டியின் சட்டத்தில் அறையப்பட்டிருக்கும் உலோகத் தகட்டையே இதற்கு நம்பலாம். ஜான் டியர் அமெரிக்க நிறுவனம். ஆனால் அதன் வண்டிகள் ஜெர்மனியின் மன்ஹைமிலும், அமெரிக்காவின் அகஸ்டாவிலும், நம் புனேயிலும் தயாராகின்றன. தகட்டிலுள்ள வரிசை எண் 1பி.ஒய். (1PY) என்று தொடங்கினால் அது புனேயில் பிறந்தது, 1எல்.வி. (1LV) என்று தொடங்கினால் அகஸ்டாவில் பிறந்தது. நியூ ஹாலந்தின் சிறிய வண்டிகளில் சில தென் கொரியாவின் எல்.எஸ். நிறுவனம் செய்து கொடுத்தவை. இத்தாலியைத் தலைமையிடமாகக் கொண்ட சேம் டாய்ட்ஸ் குழுமத்துக்கு நம் ராணிப்பேட்டையிலேயே ஆலை உண்டு. மாஸி ஃபெர்குசன் 1035 வண்டியைச் செய்யும் டாஃபே 1960இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அந்த வண்டியின் எஞ்சினோ இங்கிலாந்தின் பெர்கின்ஸ் வழிவந்து சென்னை சிம்ப்சன் ஆலையில் வார்க்கப்படுவது. இதை எந்த நாட்டு வண்டி என்று சொல்வது? தகட்டைப் பார்க்கும்போதே தயாரிப்பு மாதத்தையும், டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்க எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும்; ‘புது வண்டி’ எத்தனை காலமாக வெயிலில் நிற்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

அடுத்து, அந்த வண்டி எந்த நிலத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது என்று கேளுங்கள். பெலாரஸின் மின்ஸ்க் ஆலையில் உருவான எம்.டி.இசட். 80 வகை வண்டிகள் மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ளவை. உறைபனிக் குளிரில் பரந்த புழுதி நிலத்தை ஆழ உழுவதற்கு அந்த எடை பலம். அதே எடை, அடித்தளம் இளகிய நெல் வயலின் சேற்றில் இறங்கினால் சுமையாகிவிடும். ஜப்பானியக் குபோட்டாவின் 45 குதிரைத்திறன் எல் வரிசை வண்டி ஏறத்தாழ 1,400 கிலோ எடையோடு, நான்கு சக்கர இழுவையுடன் சேற்றில் மிதந்து போவது போல் வேலை செய்யும். ஆனால் செம்மண் தரிசில் ஒன்பது கொத்துக் கலப்பையை ஆழமாக இறக்கினால் சக்கரம் சுழலத் தொடங்கும். இவ்விரண்டில் எதையும் மட்டமான வண்டி என்று சொல்ல இயலாது. இடம் மாறினால் தரமே மாறிவிட்டதுபோல் தோன்றும் என்பதால், வேறொரு வட்டாரத்து உறவினரின் பரிந்துரையை அவருடைய மண்ணையும் கேட்டறிந்த பிறகே எடைபோட வேண்டும்.

மூன்றாவது வேலை பரிசோதனை அறிக்கையைப் படிப்பது. நம்மில் பெரும்பாலோர் இதைச் செய்வதே இல்லை. என் கணிப்பில், நாடுகளின் பெயரை மறந்துவிட்டு ஒப்பிடுவதற்கு இதைவிட நேர்மையான வழி கிடையாது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஹென்றி ஃபோர்டுக்குத் தொடர்பே இல்லாத ஒரு மினியாபொலிஸ் நிறுவனம் ‘ஃபோர்டு’ என்ற பெயரில் விற்ற டிராக்டரை வாங்கி ஏமாந்த வில்மாட் குரோசியர் என்ற விவசாயி, பின்னர் சட்டமன்ற உறுப்பினராக இருந்து, பரிசோதனையில் தேறாத டிராக்டரை மாநிலத்தில் விற்கக் கூடாது என்ற சட்டத்தை 1919இல் கொண்டுவர உதவினார். மறு ஆண்டே அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பரிசோதனை தொடங்கியது. இப்போது ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் விதிகளின்படி பல நாடுகளில் இத்தகைய பரிசோதனைகள் நடக்கின்றன. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலுள்ள மத்திய அரசு நிறுவனம் இந்தப் பணியைச் செய்கிறது. நெப்ராஸ்கா அறிக்கைகளைப் போலவே அதன் அறிக்கைகளும் இணையத்தில் கிடைக்கின்றன.

அறிக்கை நாற்பது பக்கம் இருந்தாலும், பார்க்க வேண்டிய இடங்கள் சிலவே. எஞ்சின் குதிரைத்திறனை விட்டுவிட்டு, கருவிகளைச் சுழற்றும் பின்பக்கத் தண்டான பி.டி.ஓ.வில் அளக்கப்பட்ட திறனைக் கிலோவாட்டில் குறித்துக்கொள்ளுங்கள். குதிரைத்திறனைக் கணக்கிடும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், 50 என்று அச்சிட்ட இரண்டு வண்டிகள் ரோட்டவேட்டரைச் சுழற்றும்போது ஒன்றுபோல் இருப்பதில்லை. அடுத்தது, ஒரு கிலோவாட் மணிக்கு எத்தனை கிராம் டீசல் செலவாகிறது என்ற எண். 25 கிலோவாட் சுமையில் ஒரு வண்டி 250 கிராமும் இன்னொன்று 280 கிராமும் எடுத்துக்கொண்டால், மணிக்கு முக்கால் கிலோ, அதாவது ஏறத்தாழ 0.9 லிட்டர் வேறுபாடு வரும்; ஆண்டுக்கு 600 மணி நேரம் இதே சுமையில் வாடகைக்கு ஓடும் வண்டியில் அது 540 லிட்டர். பிறகு, சுமை கூடி வேகம் குறையும்போது முறுக்குவிசை (எஞ்சினின் சுழற்றும் வலு) எத்தனை விழுக்காடு உயர்கிறது என்று பாருங்கள். 15க்கு மேல் இருந்தால், களிமண்ணில் கலப்பை இறுகும்போது கியரை மாற்றாமல் சமாளிக்கலாம்.

பின்னால் மாட்டிய கருவியைத் தூக்கும் திறனில்தான் அதிகமாக ஏமாறுகிறோம். விளம்பரத்தில் 1,800 கிலோ என்று இருப்பது பெரும்பாலும் கீழ் இணைப்புக் கைகளின் நுனியில் கணக்கிட்டது; ஆனால் கலப்பையின் எடை அந்த நுனிக்குப் பின்னால் அல்லவா தொங்குகிறது? அதனால் நுனியிலிருந்து 610 மில்லிமீட்டர் பின்னால் அளந்த எண்ணை அறிக்கையில் தேடி, இரண்டு வண்டிகளுக்கும் அதை மட்டுமே ஒப்பிடுங்கள். வெப்பநிலையையும் கவனியுங்கள்: ஓ.இ.சி.டி. பரிசோதனை 23 டிகிரியை ஒட்டிய இதமான சூழலில் நடப்பது. இந்தியப் பரிசோதனையில் 43 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலும் எஞ்சினை ஓட்டி, திறன் எவ்வளவு குறைகிறது, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று எழுதுகிறார்கள். சித்திரை வெயிலில் உழுகிறவருக்கு இரண்டாவது எண்ணே வேண்டும். சேற்றில் ஓட்டியபின் கிளட்ச், பிரேக், அச்சு ஆகியவற்றுக்குள் தண்ணீர் நுழைந்ததா என்பதும், முடிவில் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது சிலிண்டரும் பிஸ்டன் வளையங்களும் எவ்வளவு தேய்ந்திருந்தன என்பதும் புத்னி அறிக்கையில் இருக்கும். நெப்ராஸ்கா அறிக்கையில் ‘பழுதுபார்ப்பும் சரிசெய்தலும்’ என்று ஒரு சிறு வரி உண்டு. அதற்கு எதிரே ‘எதுவுமில்லை’ என்று இருக்கிறதா என்று நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

காகிதத்தை முடித்த பிறகு வண்டியிடம் வாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில், விற்பனையாளர் முன்கூட்டியே சூடாக்கி வைக்காத வண்டியைக் கேட்டு, சாவியைத் திருப்பிப் பாருங்கள். ரோட்டவேட்டரை மாட்டி முழுதும் உயர்த்தி, தூக்குக் கையின் நிலையைச் சாக்பீஸால் அடையாளமிட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். தொங்கும் கருவிக்கு அடியில் யாரும் நிற்க வேண்டாம். கோட்டிலிருந்து கை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது ஹைட்ராலிக் சிலிண்டரும் வால்வும் எவ்வளவு நேர்த்தியாகக் கடையப்பட்டவை என்பதைச் சொல்லும். குனிந்து கியர் பெட்டியின் வார்ப்பு ஓரங்களைத் தடவிப் பாருங்கள். பிசிறு நீக்காமல் வண்ணம் பூசியிருந்தால் ஆலையின் அவசரம் விரலிலேயே தட்டுப்படும். முக்கியமான போல்ட்டுகளின் தலையில் 8.8 அல்லது 10.9 என்ற உறுதி எண் இருக்க வேண்டும். மின்கம்பிகள் பிடிப்பான்களில் கட்டப்படாமல் சைலன்சரை உரசிக்கொண்டு போனால், எந்த நாட்டுக் கொடி ஒட்டியிருந்தாலும் இரண்டாம் ஆண்டில் தொல்லை நிச்சயம்.

வெளிநாட்டு வண்டிகளை உயர்வாகப் பேசும்போது புகைக் கட்டுப்பாட்டையும் தரத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். ஐரோப்பிய வண்டியில் துகள் வடிகட்டியும் யூரியாக் கரைசல் தொட்டியும் இருப்பது அங்குள்ள சட்டத்தால். அதனால் அதன் கியர் பற்கள் கூடுதல் உறுதி பெற்றுவிடுவதில்லை. இந்தியாவிலும் 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குக் கடுமையான விதி வந்துள்ளது. அவற்றில் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் காமன் ரயில் எரிபொருள் முறை பரவலாகிவிட்டது. டீசல் சிக்கனமும் குறைந்த புகையும் நன்மைதான். ஆனால் பழைய இயந்திரப் பம்பை ஊர்ப் பட்டறையிலேயே சரிசெய்யலாம். காமன் ரயில் முறைக்கு நிறுவனத்தின் கணினியோடு ஆள் வர வேண்டும். நடவு நேரத்தில் அவர் எத்தனை நாளில் வருவார் என்பதும் உங்கள் ஒப்பீட்டில் ஒரு கட்டமாக இடம்பெறட்டும்.

உதிரி பாகத்தின் இருப்பைக் கடைசியாக, ஆனால் கறாராக விசாரியுங்கள். நெப்ராஸ்காவின் அந்த 1919ஆம் ஆண்டுச் சட்டமே, விற்கிற நிறுவனம் மாநிலத்துக்குள் உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் வசதியையும் வைத்திருக்க வேண்டும் என்று சேர்த்துத்தான் சொன்னது. செக் நாட்டு ஜீட்டர் வடிவமைப்பில் ஹரியானாவின் பிஞ்சூரில் 1970கள் முதல் தயாரான எச்.எம்.டி. வண்டிகள் உழைப்புக்குப் பெயர்போனவை. ஆலை மூடப்பட்ட பிறகு அவற்றை வைத்திருப்போர் பாகங்களுக்குப் பழைய இரும்புக் கடைகளையும் போலித் தயாரிப்புகளையும் நம்பவேண்டியதாயிற்று. ஆகவே விற்பனைக் கூடத்தில் பேசி முடித்ததும், பக்கத்திலுள்ள உதிரி பாகக் கவுண்டருக்குப் போய், கிளட்ச் தட்டு, ஹைட்ராலிக் பம்பின் சீல் தொகுப்பு, முன் அச்சின் கிங்பின் ஆகிய மூன்றின் விலையையும், அவை இன்றைக்கே அலமாரியில் இருக்கின்றனவா என்பதையும் கேளுங்கள். ‘ஆர்டர் போட்டால் வரும்’ என்ற பதில் மூன்றுக்கும் கிடைத்தால், எத்தனை நாளில் வரும் என்பதை விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.