மலையகப் பத்திரிகை ஆசிரியர் ஒருவரின் வாழ்வையும் குடும்பத்தையும் தொகுக்கும் முறை

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் வெள்ளைக்காரர் காலத்தில் இருந்த பத்திரிகை ஆசிரியரைப் பற்றி எழுத நினைப்பவர்கள் முதலில் உறவினரைத் தேடி ஓடுகிறார்கள். அது பிறகு. முதலில் இதழில் அச்சிட்டவர், வெளியிட்டவர், அச்சகத்து முகவரி போட்டிருக்கும் வரியைப் பாருங்கள். அச்சகம் கைமாறியதும் பொறுப்பு வேறொருவரிடம் போனதும் அங்கேதான் தெரியும். தேதி, அந்த வரி, விலை என்று மூன்று பத்தி போட்டு இதழ் இதழாக எழுதி வாருங்கள்.

கோ. நடேசையரை எடுத்துக்கொள்வோம். தஞ்சைப் பக்கத்தவர், 'தேசநேசன்', 'தேசபக்தன்' நடத்தியவர், 1931இல் ஹட்டனைத் தளமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் கண்டவர், 1936இல் ஹட்டன் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்கு (அக்காலச் சட்டமன்றம்) போனவர். நடேசய்யர், நடேச ஐயர் என்றும் எழுதுவார்கள். தமிழில் 'கோ.' ஆக நிற்கும் தலைப்பெழுத்து ஆங்கிலப் பதிவில் 'கே' ஆகிவிடும். ஆங்கில அட்டவணையில் கே, என், ஏ, ஐ நான்கு எழுத்திலும் தேடாமல் 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள்.

மனைவிக்குத் தனிக் கோப்பு போடுங்கள். மீனாட்சி அம்மை பத்திரிகையில் எழுதியவர், தோட்டக் கூட்டங்களில் தாமே பாட்டுக் கட்டிப் பாடியவர். கணவரின் கோப்பில் ஒரு வரியாக அவரை அடக்கினால் பாதி வரலாறு போயிற்று. பாட்டுப் புத்தகங்கள் மெலிந்த சிறு பிரசுரங்கள். பெரிய நூல்களுக்கிடையே செருகிக் கிடக்கும், அலுமாரியை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும்.

கல்யாணப் பத்திரிகையில் தமிழ் வருடம் மட்டும் இருந்தால் கவனம். பிரபவ என்றால் 1867, 1927, 1987 மூன்றும் பொருந்தும். அதிலும் 1927 சித்திரையில் பிறந்த பிரபவவின் தை மாதம் 1928இல் வரும். இந்த ஒரு வருடத் தவறு அச்சான நூல்களிலேயே நிறைய.

தொழிலாளர் சம்மேளனத்தில் ஆசிரியரோடு நின்றவர்களைத் தேடுவதற்கு நல்ல சான்று பிரஜாவுரிமைக் கடுதாசிகள். 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள், 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து இலங்கையில் வசித்ததைக் காட்ட வேண்டியிருந்தது: மணமானவர் 7 வருடம், மற்றவர் 10 வருடம். அதற்காகச் சேர்த்த பிறப்புச் சான்று, தோட்டத்துச் சீட்டுகள் எல்லாம் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) டிரங்குப் பெட்டியில் ஒரே கட்டாக இருக்கும். நடேசையர் 1947இலேயே இறந்துவிட்டதால் அவர் பெயரில் விண்ணப்பம் தேடுவது வீண்.

முதியவர்களிடம் "எந்த வருடம்?" என்று கேட்டால் பதில் வராது. "அப்போ எந்தத் துரை (தோட்ட நிர்வாகி) இருந்தார், கணக்கப்பிள்ளை யார்?" என்று கேளுங்கள். துரையின் பெயர் கிடைத்தால் அக்காலத்து இலங்கை விவரத் தொகுப்பான பெர்குசன் டிரெக்டரியில் அந்தத் தோட்டத்தைப் பாருங்கள். வருடா வருடம் துரைமார் பெயர் அதில் உண்டு. தோட்டத்துக்குச் சனங்கள் வைத்த பெயர் வேறு, கம்பெனிப் பெயர் வேறு என்பதால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். துரைமார் சங்கத்து அறிக்கைகளையும் படியுங்கள். அவை ஆசிரியரைத் திட்டித்தான் எழுதும், ஆனாலும் கூட்டம் நடந்த இடமும் தேதியும் அங்கே கிடைக்கும்.

மலைநாட்டு ஈரத்தில் பழைய இதழ்கள் ஒட்டிக்கொள்ளும். எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள், வெயிலில் காயப்போடாதீர்கள், லமினேட் செய்யவே வேண்டாம்: உள்ளே அமிலம் அடைபட்டுத் தாள் நொறுங்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. ஜன்னல் வெளிச்சத்தில் ஃப்ளாஷ் இல்லாமல், முழுப் பக்கம் ஒன்று, தேதி தெரியும் தலைப்பு ஒன்று எனப் படமெடுத்து, மூலத்தை வீட்டுக்காரரிடமே அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். உயிரோடிருக்கும் வாரிசுகளின் பெயரை அவர்கள் சம்மதமில்லாமல் வம்ச வரைபடத்தில் போடக் கூடாது.