துருக்கிச் சொற்களை ஜோடியாகக் கற்பிக்க

துருக்கிப் பெயர்ச்சொல்லைத் தனியாக எழுதிப்போடாதீர்கள். வினையோடும் வேற்றுமை உருபோடும் சேர்த்துக் கொடுங்கள். 'கரார்' (முடிவு) மட்டும் தெரிந்த தமிழ் மாணவர் 'எடு' என்று நினைத்து 'அல்மாக்' (எடு, வாங்கு) சேர்ப்பார். அது பெரும்பாலும் நீதிமன்றம், குழு எடுக்கும் முடிவுக்கு. அன்றாடப் பேச்சில் 'வெர்மெக்', அதாவது கொடு. எனவே சொல் பயிற்சி அட்டையில் முழுதாக எழுதுங்கள்: 'கித்மெயெ கரார் வெர்திம்' (போக முடிவு செய்தேன்). 'கித்மெயெ'யின் கடைசி 'யெ'தான் வேற்றுமை உருபு; அது விடுபட்டால் வாக்கியமே நொண்டும். புகைப்படத்துக்கு 'செக்மெக்' (இழு); 'அல்மாக்' போட்டால் படத்தை வாங்கியதாகிவிடும். சிகரெட்டை நம்மைப்போலவே அவர்களும் குடிக்கிறார்கள், அதில் சிரமமில்லை.

துருக்கியரிடம் "இது சரியா?" என்று கேட்டால் தாராளமாகத் தலையாட்டிவிடுவார்கள். வினையிடத்தைக் காலியாக விட்டு மூன்று பேரிடம் நிரப்பச் சொல்லுங்கள். எது அதிகம் புழங்குகிறது என்பதற்கு மட்டும் அவர்கள் காதை நம்பாமல், சுமார் 5 கோடிச் சொற்கள் கொண்ட துருக்கி தேசியச் சொற்தொகுப்பில் (உண்மையில் புழங்கிய மொழி மாதிரிகளின் திரட்டு) தேடுங்கள்.