வீட்டில் கட்டிய டிராக் ரேஸ் காரில் காற்றுத்தடையைக் குறைப்பது எப்படி

நின்ற நிலையிலிருந்து கிளம்பி 402 மீட்டரையோ அதில் பாதியையோ நேர்கோட்டில் கடக்கும் பந்தயம்தானே, எஞ்சினும் டயரும் சரியாக இருந்தால் போதாதா என்று கேட்போர் உண்டு. பாதையின் தொடக்கப் பகுதியைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. அங்கே காரைத் தடுப்பது அதன் எடையும் டயரின் பிடிப்பும்தான். ஆனால் காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பவும், அதை வெல்லத் தேவைப்படும் திறன் மும்மடிக்கு ஏற்பவும் ஏறுகிறது. காற்றுத்தடைக் குணகம் (உடலின் வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண்) 0.40, முகப்புப் பரப்பு (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் பரப்பு) 2 சதுர மீட்டர் உள்ள ஒரு கார், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்றுக்காகச் செலவிடுவது சுமார் 14 குதிரைத்திறன், 200 கி.மீ. வேகத்தில் அது 110 ஆகிறது, 250 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 215 ஆகிறது. ஆகவே உங்கள் கார் முடிவுக்கோட்டை 150 கி.மீ. வேகத்துக்குள் கடக்கிறது என்றால், இடைவெளிகளை அடைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மீதி உழைப்பை எடைக்குறைப்பில் செலுத்துவதே லாபம். 200 கி.மீ. வேகத்தைத் தாண்டும் கார்களுக்குத்தான் கீழே சொல்பவை முழுமையாகப் பொருந்தும்.

எதையும் வெட்டுவதற்கு முன் கார் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குக் காற்றுச் சுரங்கம் தேவையில்லை. போக்குவரத்து முற்றிலும் இல்லாத, மூடப்பட்ட ஓடுபாதையில், 170 கி.மீ. வேகம் வரை சென்று, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, வேகம் 160இலிருந்து 140 கி.மீ. ஆகக் குறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பதிவு செய்யுங்கள். மேலே சொன்ன உடலமைப்பும் 1,200 கிலோ எடையும் கொண்ட காருக்கு இது சுமார் 6.8 வினாடி ஆகும். காற்றுத்தடையை 10 விழுக்காடு குறைத்தால் ஏறத்தாழ 7.4 வினாடி ஆகும். அரை வினாடிக்கு மேற்பட்ட இந்த வேறுபாட்டைச் சாதாரண ஜி.பி.எஸ். பதிவுக்கருவியே பிடித்துவிடும். காற்று வீசும் திசையின் தாக்கம் நீங்க, இரு திசைகளிலும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் 35 பாகை வெப்பத்தில் உள்ள காற்றைவிட 15 பாகையில் உள்ள காற்று சுமார் 7 விழுக்காடு அடர்த்தியானது. குளிர்ந்த காலையில் ஒரு நாளும் கொளுத்தும் பிற்பகலில் மறுநாளும் சோதித்துவிட்டு, மாற்றம் பலன் தந்தது என்று மகிழ்வதில் பொருளில்லை.

காற்று எங்கே உடலோடு ஒட்டிச் செல்கிறது, எங்கே பிரிந்து சுழல்கிறது என்பதைக் கம்பளி நூல் காட்டிக்கொடுக்கும். விரல் நீளத் துண்டுகளை ஒரு முனையில் மட்டும் ஒட்டி, பின் கண்ணாடியிலும் டிக்கியிலும் பக்கங்களிலும் வரிசையாக வைத்து, கேமராவில் படமெடுங்கள். நூல் படிந்து நேராகக் கிடக்கும் இடத்தைத் தொட வேண்டாம். அது துடித்துச் சுற்றும் இடமே உங்கள் வேலைக்களம்.

வேலையை முன்பக்கத்தில் தொடங்குவது நல்லது. காரின் அடியில் எஞ்சின் தொட்டி, ஸ்டீயரிங் கம்பிகள், எக்ஸாஸ்ட் குழாய்கள் என எல்லாமே காற்றில் தட்டுப்படுபவை. ஆகவே அங்கே நுழையும் காற்றைக் குறைப்பதே முதல் ஆதாயம். பம்பருக்குக் கீழே அலுமினியத் தகட்டாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ ஒரு தடுப்பை இறக்கி, அதன் கீழ் விளிம்பில் வளையக்கூடிய ரப்பர் பட்டையைப் பொருத்துங்கள். டிராக் காரில் கிளம்பும்போது மூக்கு மேலெழுந்து, பிறகு பொத்தென்று கீழே விழும். விறைப்பான தகடு தரையில் மோதி உடைந்தால் அந்தத் துண்டுகளால் ஓடுபாதையே மூடப்படும். ஸ்ப்ளிட்டர், அதாவது பம்பரின் அடியில் கிடைமட்டமாக முன்னே நீளும் தகடு, வைப்பதானால் அதன் கோணத்தைக் கார் ஷெட்டில் நிற்கும் நிலையில் முடிவு செய்யக் கூடாது. முழு ஆக்ஸிலரேட்டரில் பின்பக்கம் அமிழ்ந்து முன்பக்கம் உயர்ந்திருக்கும் என்பதால், ஷெட்டில் கிடைமட்டமாகத் தெரிந்த தகடு முடிவுக்கோட்டருகே மேல்நோக்கித் திரும்பி, மூக்கைத் தூக்கும் இறக்கையாக மாறிவிடக்கூடும். சக்கர வளைவை நோக்கி ஒரு சிறு கேமராவைப் பொருத்தி, கடைசி நூறு மீட்டரில் சஸ்பென்ஷன் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்பக் கோணத்தை வையுங்கள்.

ரேடியேட்டருக்குப் போகும் காற்று பெரும்பாலான வீட்டுக் கார்களில் கணக்கின்றி வீணாகிறது. கிரில் வழியே வந்த காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு எஞ்சின் அறைக்குள் புகுந்தால் குளிர்ச்சியும் கிடைக்காது, தடையும் கூடும். கிரில் திறப்பிலிருந்து ரேடியேட்டரின் நான்கு ஓரங்கள் வரை தகட்டாலும் ஸ்பாஞ்சாலும் அடைத்து ஒரு குழல்போல ஆக்கிவிட்டு, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே திறப்பைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். ஒரு ஓட்டம் சில வினாடிகளில் முடிந்துவிடுவதால் டிராக் காருக்குச் சாலைக் காரைவிடச் சிறிய திறப்பு போதும். உள்ளே வந்த காற்று வெளியேறும் வழியை பானெட்டின் முன் பகுதியில், அழுத்தம் குறைவாக இருக்கும் இடத்தில் வெட்ட வேண்டும். முன் கண்ணாடியின் அடிப்பகுதியில் அழுத்தம் அதிகம். அங்கே வெட்டினால் காற்று வெளியே வராமல் உள்ளே போகும். சந்தேகமிருந்தால் U வடிவில் வளைத்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி, அதன் ஒரு முனையை மெல்லிய ரப்பர் குழாய் மூலம் அந்த இடத்துக்குக் கொண்டுசென்று, உடன் அமர்ந்திருப்பவரைப் படிக்கச் சொல்லுங்கள். 100 கி.மீ. வேகத்தில் நேராக மோதி நிற்கும் காற்றின் அழுத்தம் சுமார் 47 மில்லிமீட்டர் நீர்மட்டத்துக்குச் சமம் என்பதால், வேறுபாடுகள் கண்ணுக்கே தெரியும்.

எஞ்சினுக்குக் காற்றைப் பிடித்துத் தர பானெட்டின் மேல் நிற்கும் பெரிய ஸ்கூப் தோற்றத்துக்கு அழகுதான். ஆனால் 6 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுழற்சியில் உறிஞ்சுவது வினாடிக்கு ஏறக்குறைய 350 லிட்டர் காற்று, 216 கி.மீ. வேகத்தில் அதற்கு 60 சதுர சென்டிமீட்டர் வாய் போதுமானது. குறைந்த வேகத்தையும் கருதி அதை இருமடங்காக்கினாலும், வழக்கமாகப் பார்க்கும் ஸ்கூப்களின் வாயைவிடச் சிறியதே. காற்றை அடைத்துத் திணிப்பதால் கிடைக்கும் அழுத்தமும் அந்த வேகத்தில் வளிமண்டல அழுத்தத்தின் 2 விழுக்காடுதான். பானெட்டை ஒட்டி மெதுவாக நகரும் காற்றுப் படலத்துக்கு மேலே வாய் இருக்குமாறு உயர்த்தி வைத்தால் சிறிய ஸ்கூப்பே வேலை செய்யும்.

பக்கங்களில் செய்ய வேண்டியவை எளியவை. பயன்படாத ஹெட்லைட் குழிகளை மூடி, கதவு இடைவெளிகளுக்கு டேப் ஒட்டி, தேவையற்ற பக்கவாட்டுப் பின்னோக்குக் கண்ணாடிகளையும் கம்பிகளையும் நீக்கினால் போதும். அடிப்பாகத்தைத் தட்டையான தகட்டால் மூடுவது நல்லதுதான், ஆனால் எடைக்குக் கணக்குப் பார்க்க வேண்டும்: 1,200 கிலோ காரில் கூடுதலாக ஏறும் 10 கிலோ, 11 வினாடி ஓட்டத்தில் ஏறத்தாழ 0.03 வினாடியைத் தின்றுவிடும். எரிபொருளோ எண்ணெயோ கசிந்து தகட்டின் மேல் தேங்காதபடி வடிகால் துளைகளும் வேண்டும்.

காற்றின் விசையால் காரின் பின்பகுதியைக் கீழே அழுத்தும் தகடான பின்பக்க ஸ்பாய்லரில்தான் அதிகமானோர் அளவை மீறுகிறார்கள். பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் உள்ள ஸ்பாய்லர் 100 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால், 2.6 மீட்டர் அச்சிடைத் தூரம் உள்ள காரில் பின்சக்கரங்களுக்கு 138 கிலோ கூடுகிறது; அந்த உபரி 38 கிலோ முன்சக்கரங்களிலிருந்து பறிக்கப்பட்டதாகும். வேகமெடுக்கும்போது ஏற்கெனவே இலேசாகியிருக்கும் மூக்கு இன்னும் இலேசானால் ஸ்டீயரிங் பிடி தளரும். எனவே முன்பக்கத் தடுப்பைச் சரிசெய்த பிறகே ஸ்பாய்லரை உயர்த்த வேண்டும். அதுவும் ஒவ்வொரு முறையும் சிறு அளவில் உயர்த்தி, ஓட்டுபவரின் கருத்தையும் முடிவுக்கோட்டு வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதன் இரு ஓரங்களிலும் நிற்கும் செங்குத்துத் தகடுகள் வேறொரு நன்மையும் செய்கின்றன: பக்கக் காற்று தள்ளும் மையத்தைக் காரின் ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் கொண்டுசென்று, கார் தானாகவே நேராக நிற்க உதவுகின்றன.

அமெரிக்காவில் டிராக் பந்தயங்களை நடத்தும் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிகள் மணிக்கு 150 மைல், அதாவது 241 கி.மீ. வேகத்தை எட்டும் கார்களுக்கு, ஓட்டம் முடிந்ததும் வேகத்தைக் குறைக்கப் பின்னால் விரியும் பாராசூட்டைக் கட்டாயமாக்குகின்றன. அதைக் கட்டும் கொக்கி ஈர்ப்பு மையத்தின் உயரத்திலேயே அமைய வேண்டும். மேலே இருந்தால் விரியும்போது முன்சக்கரங்கள் எழும்பும்; கீழே இருந்தால் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். ஸ்பாய்லரின் உயரத்தை மாற்றும்போதெல்லாம், பாராசூட்டின் கயிறு அதில் உரசாமல் வெளியேறுகிறதா என்று கார் நிற்கும்போதே கையால் இழுத்துப் பார்த்துவிடுங்கள்.