நாடி பார்க்கும்போதும் ஈ.சி.ஜி. எடுக்கும்போதும் நாம் செய்யும் தவறுகள்

மூளை உத்தரவு போட்டால்தான் இதயம் துடிக்கும் என்று நினைப்பது முதல் தவறு. மாற்று அறுவை சிகிச்சைக்காக இதயத்தை எடுக்கும்போது அதன் நரம்புகள் எல்லாம் துண்டிக்கப்படுகின்றன. ஆனாலும் இன்னொருவர் மார்பில் பொருத்தி ரத்தம் பாய்ந்ததும் அது தானாகவே துடிக்கத் தொடங்குகிறது. சும்மா உட்கார்ந்திருந்தாலே நிமிடத்துக்கு 90, 100 என்று ஓடும். வேகத்தை அடக்கி வைக்கும் வேகஸ் நரம்பு இப்போது இல்லையே!

துடிப்பு பிறக்கும் இடம் வலது மேலறையின் உச்சியில் இருக்கும் சைனஸ் கணு, தானே மின்சாரம் உண்டாக்கும் ஒரு சிறு திசு. மார்ட்டின் ஃப்ளாக் என்ற மருத்துவ மாணவர் அதை முதலில் கவனித்தது ஒரு அகழெலியின் இதயத்தில். உடற்கூறு நிபுணர் ஆர்தர் கீத்தும் அவரும் சேர்ந்து 1907-இல் அதை வெளியிட்டார்கள்.

அங்கிருந்து கிளம்பும் மின்சாரம் மேலறைகளில் பரவி, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள ஏ.வி. கணுவில் சுமார் 0.1 நொடி தயங்கி நிற்கிறது. இதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். மேலறைகள் தங்கள் ரத்தத்தைக் கீழே தள்ளி முடிக்க அந்த அவகாசம் தேவை. அப்புறம் ஹிஸ் கற்றை, புர்க்கின்ஜி இழைகள் என்ற மின்பாதை வழியாகப் பாய்ந்து கீழறைகளை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருங்க வைக்கிறது, பற்பசைக் குழாயை அடியிலிருந்து பிதுக்குவது மாதிரி. ரத்தம் வெளியேறும் வாசல் மேலேதானே இருக்கிறது!

சரி, வீட்டில் நாடி பார்க்கிறீர்கள். கட்டைவிரலை வைக்காதீர்கள், அதன் சொந்தத் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவதும் சிலருக்குச் சரிவராது. மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் இரண்டு துடிப்பு நெருங்கி வரும், அடுத்தது தாமதிக்கும். அதைப் பிடிக்க ஒரு முழு நிமிடம் விரல் அங்கேயே இருக்க வேண்டும்.

"ஈ.சி.ஜி. நார்மல், அப்புறம் என்ன?" என்பது நான் அடிக்கடி கேட்கும் பேச்சு. வழக்கமான ஈ.சி.ஜி. பதிவு செய்வது சுமார் 10 நொடிதான். படபடப்பு வந்துபோவது ராத்திரி இரண்டு மணிக்கு என்றால் அதில் எப்படித் தெரியும்? அதற்குத்தான் 24 மணி நேரமும் உடம்பிலேயே மாட்டியிருந்து ஈ.சி.ஜி. பதிவு செய்யும் ஹோல்டர் கருவி.

மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் ஒன்றல்ல. முன்னது இதயத்துக்கு ரத்தம் தரும் குழாயில் அடைப்பு. பின்னதில் பல நேரம் மின்னோட்டமே தாறுமாறாகிக் கீழறைகள் வெறுமனே நடுங்கும். ஷாக் கொடுப்பது அந்தக் குழப்பத்தை ஒரேயடியாக அடக்கி, சைனஸ் கணு மறுபடி பொறுப்பேற்க வழிவிடத்தான். சினிமாவில் மானிட்டர் கோடு நேரானதும் ஷாக் கொடுப்பார்கள். அப்போது அடக்குவதற்கு அங்கே மின்னோட்டமே கிடையாது. நெஞ்சை அழுத்திக்கொண்டே அட்ரினலின் ஊசி போடுவதுதான் வழி.