கர்க்கடே போடுவது எப்படி: விருந்துக்கு ஓர் அளவு, மருந்துக்கு ஓர் அளவு

சூடானில் கர்க்கடே, செனகலில் பிஸ்ஸாப், நைஜீரியாவில் ஸோபோ, கானாவில் ஸோபோலோ. பெயர்தான் வேறு வேறு; எல்லாம் சிவந்த, புளிப்பான ஒரே பானம்தான். ஹைபிஸ்கஸ் சப்தாரிஃபா என்ற ஆப்பிரிக்கச் செடியிலிருந்து போடுவது. அந்தச் செடி நாம் கடைந்து சாப்பிடும் புளிச்சக்கீரை வகையறா. செம்பருத்திக்கும் சொந்தம்தான் என்றாலும், செம்பருத்திப் பூவைக் காயவைத்துப் போட்டால் இந்தப் புளிப்பு வராது.

ஏனென்றால் இங்கே வேண்டியது பூவிதழே அல்ல. பூ ஒரே நாளில் வாடிவிடும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில், காயைப் பொதிந்திருக்கும் புல்லிவட்டம் தடித்து, சிவந்து, சதைப்பற்றாகிறது. அது நார் ஏறுவதற்கு முன்பே பறித்து, உள்ளேயிருக்கும் விதைக்காயைத் தள்ளி எடுத்துவிட்டுக் காயவைக்கிறார்கள். சுமார் 10 கிலோ பச்சைக்கு 1 கிலோதான் காய்ந்தது தேறும். சூடானில் கொர்டோஃபான், டார்ஃபூர் பகுதிகளின் மானாவாரி நிலங்களில் இது முக்கியமான பணப்பயிர்.

1. பார்த்து வாங்குங்கள்

நல்ல சரக்கு கருஞ்சிவப்பாக இருக்கும். வளைத்தால் உலர்திராட்சைத் தோல்போல் சற்றே வளைந்து கொடுக்கும். பழுப்பேறியிருந்தால் பழையது, அல்லது கடும் வெயிலில் வெளுத்தது. தொட்டாலே தூளாக உதிர்வதை வாங்காதீர்கள். வடிகட்டினாலும் கலங்கலாகவே நிற்கும்.

2. அலசுங்கள், ஊறவிடாதீர்கள்

மணல் இருக்கும். வடிதட்டில் போட்டுக் குளிர்ந்த நீரை மேலே ஊற்றி, 10 விநாடியில் எடுத்துவிடுங்கள். தண்ணீர் பட்டவுடனேயே சாயம் இறங்கத் தொடங்கும். அரிசி களைவதுபோல் இரண்டு மூன்று முறை கழுவினால் நல்லதெல்லாம் சாக்கடைக்குப் போய்விடும்.

3. விருந்துப் பானம்

சூடானில் பச்சைத் தண்ணீரிலேயே ஊறவைப்பார்கள். 1 லிட்டருக்கு 40 கிராம். மூடி, ஃப்ரிட்ஜில் 8 மணி நேரம். முதன்முறை போடுகிறவர்களுக்கு இதையே சொல்வேன். அடுப்பு இல்லாததால் நிறம் கெடாது, துவர்ப்பும் அதிகம் இறங்காது.

அவசரமென்றால் 1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்த பிறகு 30 கிராம் போட்டு, 10 நிமிடம் மூடிவையுங்கள். வெள்ளைத் துணியில் வடிகட்டும்போது மூட்டையைப் பிழியாதீர்கள். வெண்டைக்காயும் இதன் உறவுதான், பிழிந்தால் வழவழப்பு இறங்கிவிடும். சூடு ஆறுவதற்குள் 100 கிராம் சர்க்கரை. செனகல்காரர்கள் புதினா சேர்ப்பார்கள். அதை ஆறிய பிறகு போட்டால்தான் வாசம் நிற்கும். நைஜீரியப் பாணிக்கு இஞ்சி, கிராம்பு, அன்னாசித் தோல். இவை மூன்றையும் முதலில் தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்கவிட்டு, அதன் பிறகே புல்லிவட்டத்தைப் போட வேண்டும்.

4. எங்கே கெடுகிறது

பெரும்பாலும் பாத்திரத்திலும் தண்ணீரிலும்தான். இதன் புளிப்பு அலுமினியத்தையும் ஈயம் பூசாத பித்தளையையும் அரிக்கும். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் மட்டுமே.

ரத்தச் சிவப்பாக வர வேண்டியது ஊதாவாகவோ மங்கலாகவோ வந்தால், உங்கள் போர்த் தண்ணீர் கடினநீர் என்று பொருள். ஒரு சிறு கிண்ணத்தில் வடிகட்டிய பானத்தை எடுத்து ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டுப் பாருங்கள்: நுரைத்துப் பொங்கி, சிவப்பு மங்கி நீலம் ஓடும். எலுமிச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் சிவப்பு திரும்பும். புளிப்புக்கும் நிறத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால், நிறம் ஏன் மாறியது என்று பிறகு குழம்ப மாட்டீர்கள். ஆனால் அரைமணி நேரம் கொதிக்கவிட்டுப் பழுப்பாக்கியதை எலுமிச்சையும் மீட்காது. அங்கே சாயமே சிதைந்துவிட்டது.

5. மருந்தாகக் குடிப்பதற்கு

இங்கே அளவே வேறு. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ரத்த அழுத்தம் சற்றே கூடியிருந்து மாத்திரை எடுக்காத 65 பேர் பங்கேற்றார்கள். கர்க்கடே பிரிவினர் 240 மில்லி வெந்நீருக்கு வெறும் 1.25 கிராம் என்ற கணக்கில், நாளுக்கு 3 கப், 6 வாரம் குடித்தார்கள். மேல் அளவு சராசரியாக 7 புள்ளி இறங்கியது. போலிப் பானம் குடித்தவர்களுக்கு 1 புள்ளி அளவே.

வீட்டுக்கணக்கில் ஏறக்குறைய 1 லிட்டருக்கு 5 கிராம். கொதித்த நீரில் 6 நிமிடம். சர்க்கரை கூடாது. விருந்துப் பானத்தைச் சர்க்கரையோடு தினமும் குடித்துவிட்டு அழுத்தம் இறங்கவில்லையே என்று வருந்திப் பயனில்லை.

ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். மாத்திரையும் இதுவும் சேர்ந்து தேவைக்கு மேல் இறக்கிவிடலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்புவது அதைவிட ஆபத்து. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். மலேரியாவுக்குக் குளோரோகுயின் எடுப்பவர்கள் அதோடு குடிக்கவே கூடாது. அந்த மருந்து உடலில் சேர்வதை இது குறைக்கிறது என்று சூடானிலேயே கண்டறிந்திருக்கிறார்கள். வயிற்றில் புண் இருந்தால் எரியும். குடித்ததும் வெறும் நீரால் வாய் கொப்பளியுங்கள், புளிப்பு பல்லில் நிற்க வேண்டாம்.

6. வைத்திருக்கும் காலம்

காய்ந்த சரக்கு ஈரம் படாத கண்ணாடிப் புட்டியில், இருட்டில் ஓராண்டு நிற்கும். போட்ட பானம் ஃப்ரிட்ஜில் 3 நாள். வெளியே வைத்தால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வந்தால் புளித்துவிட்டது, கொட்டிவிடுங்கள்.