உங்கள் செல்லப்பிராணியை இன்னொரு நாய் கடித்துவிட்டால்: அடுத்தடுத்து என்ன செய்வது?

சிங்கப்பூரில் பொது இடத்தில் எந்த நாயையும் கயிறு இல்லாமல் விடக் கூடாது. மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம். ஆனாலும் பார்க் கனெக்டர் நடைபாதையில் ஒருவர் கை நழுவுகிறது, எதிர்வீட்டில் வாசல் கம்பிக்கதவு திறந்து கிடக்கிறது, மின்தூக்கிக் கதவு திறந்ததும் உள்ளே நிற்கும் நாய் பாய்கிறது. கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த நேரத்தில் வீட்டில் யாருக்கும் கை கால் ஓடாது. முதல் முறையாக நாயோ பூனையோ வளர்ப்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. ஒன்றும் நடக்காத நாளிலேயே ஒருமுறை படித்து வையுங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நாய்க்கடியில் வெளியே தெரியும் காயத்தை நம்பாதீர்கள். தோலில் பல் பட்ட இடம் மிளகு அளவுக்குத்தான் இருக்கும். பெரிய நாய் சின்னதைக் கவ்வி உலுக்கும்போது தோல் இழுபட்டுக் கொடுக்கும், கிழியாது. உள்ளே இருக்கும் சதையும் நரம்பும்தான் பிய்ந்துபோகும். பைக்குள் நசுங்கிய மாம்பழம் மாதிரி, மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. இந்தப் பதிவில் ஒரே ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும்: கடிபட்ட பிராணி எழுந்து நடந்தாலும், வாலை ஆட்டினாலும், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

படி 1: பிரித்தெடுத்து, பாதுகாப்பாகத் தூக்குங்கள்

இரண்டுக்கும் நடுவே கையை விடாதீர்கள். இந்த மாதிரி நேரத்தில் மனிதர்களின் விரல்கள்தான் கடிபடும். மற்ற நாயின் உரிமையாளரைக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லுங்கள். குடையோ பையோ இருந்தால் இடையில் நுழைத்து மறையுங்கள்.

பிரிந்த பிறகு உங்கள் செல்லத்தைத் தூக்கும்போதும் கவனம். வலியில் இருக்கும் பிராணிக்கு எஜமானர் யார் என்று தெரியாது, பிள்ளை மாதிரி வளர்த்தது கூடக் கடிக்கும். ஒரு துண்டைப் போர்த்தி, உடம்பு வளையாமல் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். கழுத்தில் கடிபட்டிருந்தால் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். மூச்சு வாங்கும் நாய்க்கும் ஷிட்சூ, பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கும், கடித்துவிடும் என்று பயந்து வாயைக் கட்டக் கூடாது. பூனை என்றால் துண்டோடு சேர்த்துக் கூடைக்குள் வைத்துவிடுங்கள். பயந்த பூனை கையிலிருந்து குதித்து ஓடினால் காயத்தோடு எங்கே போய் ஒளியும் என்று தெரியாது.

படி 2: ஒரு நிமிடம் செலவழித்துப் பாருங்கள்

வெளிச்சம் உள்ள இடத்துக்கு வந்து இவற்றைக் கவனியுங்கள்.

உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வழக்கமாக இளஞ்சிவப்பாக இருக்கும் இடம் வெளுத்திருந்தால் ஆபத்து. விரலால் ஈறை அழுத்திவிட்டு எடுங்கள். வெள்ளையான இடத்தில் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். திரும்பத் தாமதமானால், அதோடு காதும் பாதமும் சில்லிட்டிருந்தால், ரத்த ஓட்டம் குறைந்து அதிர்ச்சி நிலைக்குப் போகிறது என்று அர்த்தம். ஈறு இயல்பிலேயே கறுப்பாக உள்ள நாய்களுக்குக் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள்.

அடுத்து மூச்சு. வயிறு ஏறி இறங்க மூச்சு வாங்குகிறதா? கழுத்திலோ மார்பிலோ கை வைத்தால் தோலுக்கு அடியில் நொறுநொறுவென்று ஏதோ உடைவது போல இருக்கிறதா? இருந்தால் மூச்சுக்குழாயிலிருந்தோ நுரையீரலிலிருந்தோ காற்று கசிந்து தோலுக்கு அடியில் சேர்கிறது. ஒரு நிமிடமும் தாமதிக்க முடியாத நிலை இது.

ரத்தம் ஒழுகினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் வரை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள், உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி பிய்த்துக்கொண்டு வரும். துணி நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள்.

வீவக அடுக்குமாடி வீடுகளில் ஷிட்சூ வளர்ப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். இந்த வகை நாய்களுக்குக் கண்குழி ஆழம் குறைவு. தலையையோ கழுத்தையோ கவ்வி இழுத்தால் கண்ணே வெளியே வந்துவிடலாம். பார்க்கப் பதறும். உள்ளே தள்ள முயலாதீர்கள். சலைன் தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் கண் காயாமல் மூடிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். வயிறு கிழிந்து உறுப்பு வெளியே தெரிந்தாலும் இதே முறைதான்.

படி 3: கை வைத்தியம் வேண்டாம்

நம் வீடுகளில் அடிபட்டால் முதலில் கை போவது மஞ்சள் டப்பாவுக்குத்தான். அன்பினால்தான் வைக்கிறோம். ஆனால் பல் பதிந்த ஓட்டையில் மஞ்சளோ காபித்தூளோ அப்பினால், மருத்துவர் அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் காயத்தையே பார்க்க முடியும். அப்பியதோடு சேர்ந்து கிருமியும் உள்ளே மாட்டிக்கொள்ளும். டெட்டாலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் நல்ல சதையையும் சேர்த்துப் புண்ணாக்கும். கோடரித் தைலம் வேண்டவே வேண்டாம், அதில் உள்ள கற்பூரமும் மெந்தாலும் நாய் பூனைகளுக்கு ஆகாது.

மாத்திரையிலும் எச்சரிக்கை தேவை. ஒரே ஒரு பனடால் (பாராசிட்டமால்) மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடலாம். நாய்களுக்கு இபுப்ரோஃபென் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுக்கும். மருத்துவர் சொல்லாத எந்த வலி மாத்திரையும் கொடுக்காதீர்கள். சாப்பாடும் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம். கார்டியனிலோ வாட்சன்ஸிலோ கிடைக்கும் சாதாரண சலைன் பாட்டில் ஒன்று வீட்டில் இருந்தால் மேல் அழுக்கை அதனால் கழுவலாம். வீட்டு வைத்தியம் அதோடு நிற்கட்டும்.

படி 4: போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்

வழக்கமாகப் போகும் கிளினிக் இரவில் மூடியிருக்கும். 24 மணி நேரமும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது, உங்கள் பேட்டையிலிருந்து எவ்வளவு தூரம் என்று இன்றைக்கே பார்த்து எண்ணைப் போனில் சேமித்து வையுங்கள். கூப்பிட்டதும் அழுகையோடு கதை சொல்ல வேண்டாம். "ஷிட்சூ, ஆறு கிலோ. பெரிய நாய் கழுத்தைக் கவ்வி உலுக்கியது. பத்து நிமிடம் ஆகிறது. மூச்சு வேகமாக வாங்குகிறது. கிளம்பிவிட்டோம்." இவ்வளவு சொன்னால் அவர்கள் ஆக்ஸிஜனோடு தயாராக இருப்பார்கள்.

எம்ஆர்டியிலும் பேருந்திலும் செல்லப்பிராணிகளை ஏற்ற மாட்டார்கள். டாக்சியில் ஏற்றுவது ஓட்டுநரின் விருப்பம். கிராப்பில் செல்லப்பிராணிகளுக்கென்றே தனிச் சேவை உண்டு, ஆனால் வண்டி வர நேரமாகலாம். கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் கதவைத் தட்டக் கூச்சப்படாதீர்கள்.

மருத்துவமனையில் முடியை மழித்து, காயத்துக்குள் நன்றாகக் கழுவி, எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுப்பார்கள். ஆழமான ஓட்டையை உடனே முழுசாகத் தைத்து மூட மாட்டார்கள், நீர் வடிய ஒரு குழாய் வைப்பார்கள். "ஏன் திறந்தே விட்டிருக்கிறார்கள்" என்று பலர் பயப்படுகிறார்கள். கடிகாயத்தை அப்படி விடுவதுதான் முறை, மூடினால் உள்ளே சீழ் பிடிக்கும். செலவு எவ்வளவு வரும் என்று முதலிலேயே மதிப்பீடு கேளுங்கள். அதில் எது இன்றே அவசியம், எது பொறுக்கலாம் என்றும் கேளுங்கள். பணத்தைப் பற்றிப் பேசுவதால் உங்கள் பாசம் குறைந்துவிடாது.

உங்களையோ பிள்ளையையோ கடித்திருந்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள், டெட்டனஸ் ஊசி தேவைப்படலாம். சிங்கப்பூரில் 1953ஆம் ஆண்டிலிருந்து வெறிநோய் கிடையாது என்பதால் அந்தப் பயம் வேண்டாம். வெளிநாட்டுப் பயணத்தில் கடிபட்டால் அது வேறு விஷயம், தாமதிக்கவே கூடாது.

படி 5: அங்கேயே சேகரிக்க வேண்டியவை

கூட இன்னொருவர் இருந்தால் இந்த வேலையை அவரிடம் விடுங்கள். தனியாக இருந்தால் பிராணியின் உயிர் முதலில், இது அப்புறம்.

சண்டை போடாதீர்கள். கோபம் நியாயமானதுதான், ஆனால் கத்தத் தொடங்கினால் எதிராளி நாயைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். உங்களிடம் பெயரும் இருக்காது, எண்ணும் இருக்காது. "அங்கிள், இப்போது நாய் டாக்டரிடம் போகிறேன், உங்கள் போன் நம்பரும் புளோக் நம்பரும் கொடுங்கள்" என்று கேளுங்கள். அந்த நாயையும் அதன் கழுத்தையும் படம் எடுங்கள். கயிறு இருந்ததா, வாய்ப்பூட்டு இருந்ததா என்பது பிறகு மிக முக்கியமாகும். பார்த்தவர்கள் ஒருவரிருவரின் எண்ணையும் வாங்குங்கள்.

காயத்தை மழிப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள். மழித்த பிறகுதான் ஊதா நிறக் கன்றல் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது தெரியும். கேமரா இருக்கும் இடம் என்றால் நகர மன்றத்துக்கோ காண்டோ நிர்வாகத்துக்கோ அன்றே எழுதி, அந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். உங்களிடம் நேரடியாகத் தராவிட்டாலும், விசாரிக்கும் அதிகாரிகள் கேட்கும்போது அது இருக்க வேண்டும்.

படி 6: புகார்

நாய்கள் தொடர்பான விதிகளை இங்கே கவனிப்பது தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் ஏவிஎஸ், அதாவது விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை. அவர்களது இணையத்தளத்திலோ 1800-476-1600 என்ற எண்ணிலோ தெரிவிக்கலாம். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு நாய்க்கும் உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும் என்பதால், உரிமையாளர் பெயர் தெரியாவிட்டாலும் கண்டுபிடிக்க வழி உண்டு. தேதி, நேரம், இடம், நாயின் தோற்றம், மருத்துவரின் அறிக்கை, படங்கள். இவ்வளவும் சேர்த்து அனுப்புங்கள். மனிதர்களுக்கும் காயம் என்றால் போலீசிலும் புகார் கொடுங்கள்.

பிட்புல், அகிதா, ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவை பட்டியலிடப்பட்ட இனங்கள். பொது இடத்தில் கயிற்றோடு வாய்ப்பூட்டும் கட்டாயம். அவற்றை வளர்ப்பவர்கள் 100,000 வெள்ளிக்குக் குறையாத காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். கடித்தது இந்த இனம் என்றால் காப்புறுதி விவரத்தைக் கேளுங்கள், பலருக்கு இது தெரிவதே இல்லை.

"அண்டை வீட்டார், தினமும் முகம் பார்க்க வேண்டும், எதற்குப் புகார்" என்று நம்மில் பலர் தயங்குகிறோம். என் கருத்து இதுதான்: புகார் கொடுங்கள். அடுத்த முறை அந்த நாய் பாய்வது ஒரு குழந்தையின் மேலாக இருக்கலாம். புகார் கொடுத்துவிட்டும் அந்தக் குடும்பத்தோடு மரியாதையாகப் பேசலாம், ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது.

படி 7: செலவைக் கேட்பது

முதலில் நேராகக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் இப்படி எழுதலாம்:

"வணக்கம் அங்கிள். சனிக்கிழமை மாலை 6.30 மணிக்குப் புளோக் அடியில் உங்கள் நாய் கயிறு இல்லாமல் வந்து எங்கள் நாயைக் கடித்தது. இதுவரை மருத்துவச் செலவு 1,140 வெள்ளி, ரசீது இணைத்திருக்கிறேன். தையல் பிரிக்க இன்னொரு முறை போக வேண்டும். செலவை எப்படித் தர முடியும் என்று இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள்."

திட்டும் வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். நாளைக்கு இதை ஒரு நடுவர் படிக்கக்கூடும்.

ஒத்துவராவிட்டால் சமூக சமரச நிலையம் இருக்கிறது, மூன்றாம் நபர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து இரு தரப்பையும் பேசவைப்பார். அதுவும் சரிவராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். சட்டத்தின் கண்ணில் செல்லப்பிராணி நம் உடைமை, அதற்கு வந்த சேதத்துக்கான செலவை அங்கே கோரலாம். உச்சவரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். சிங்பாஸ் என்ற அரசு மின்அடையாளக் கணக்கு மூலம் இணையத்திலேயே செய்துவிடலாம். வக்கீல்களுக்கு அங்கே இடமில்லை, நீங்களே பேச வேண்டும். எதிராளியின் பெயரும் முகவரியும் இல்லாமல் மனு நகராது, படி 5 அதற்காகத்தான். கயிறு இல்லாமல் விட்டதற்கு ஆதாரம் இருந்தால் உங்கள் பக்கம் வலுவாகும். நாய்கள் அவிழ்த்துவிட அனுமதி உள்ள டாக் ரன்னில் நடந்திருந்தால் அந்த வாதம் எடுபடாது.

உயிர் போய்விட்டால்

எழுதவே மனம் வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். தகனத்துக்குக் கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் இறப்புக்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், படமும் எடுத்து வையுங்கள். தகனம் முடிந்த பிறகு உடலிலிருந்து எதையும் நிரூபிக்க முடியாது. செல்லப்பிராணிகளுக்கான தனியார் தகன நிலையங்கள் இங்கே உண்டு. பிள்ளைகளிடம் "எங்கேயோ ஓடிப்போய்விட்டது" என்று சொல்லாதீர்கள். அவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

படி 8: வீடு திரும்பிய பின்

முதல் மூன்று நாள்தான் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டிய காலம். கிருமித்தொற்று பெரும்பாலும் அதற்குள் தலைகாட்டும். காயத்தைச் சுற்றி வீக்கம், சூடு, நாற்றம், சீழ், தோல் கறுத்துப்போவது, சாப்பாட்டை ஒதுக்குவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் திரும்பப் போங்கள். காயம் ஆறியது போலத் தெரிந்தாலும் ஆன்டிபயாடிக்கை நடுவில் நிறுத்தாதீர்கள். கழுத்தில் மாட்டும் கூம்பைப் பரிதாபப்பட்டுக் கழற்றாதீர்கள், தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை சோபாவில் ஏறிக் குதிக்க விடாதீர்கள்.

உடம்பு ஆறிய பிறகும் பயம் இருக்கும். முன்பு மின்தூக்கியைக் கண்டால் துள்ளிய நாய், கதவு திறக்கும் சத்தத்துக்கே நடுங்கும். தூரத்தில் இன்னொரு நாயைக் கண்டதும் உறுமும். அதட்டாதீர்கள். ஆள் குறைவான விடிகாலையில், கடிபட்ட இடம் அல்லாத வேறு பாதையில், கழுத்துப்பட்டைக்குப் பதில் ஹார்னஸ் போட்டு, கொஞ்ச தூரம் மட்டும் கூட்டிப்போங்கள். மற்ற நாய் தெரிந்ததும், இது பதறுவதற்கு முன்பே, பிடித்த தின்பண்டத்தைக் கொடுங்கள். அடுத்த நாள் இன்னும் கொஞ்ச தூரம். பூனை கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தால் இழுக்காமல் தண்ணீரையும் மணல்தட்டையும் பக்கத்தில் வையுங்கள். ஆனால் பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். சில வாரம் ஆகியும் நாய் வெளியே வர மறுத்தால் மருத்துவரிடம் சொல்லி, நடத்தை சிகிச்சை தெரிந்த ஒருவரைப் பரிந்துரைக்கச் சொல்லுங்கள். அந்தச் செலவின் ரசீதையும் மற்றவற்றோடு சேர்த்து வையுங்கள்.