திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடிக்கு நடந்து போவது எப்படி? முதல்முறை நடப்பவர்களுக்கு

போன வருடம் தை மாதக் கடைசியில் ஒரு வடிகால் வாய்க்கால் கரையில் வந்து மாட்டிக்கொண்டேன். எதிர்க்கரையில் கிராமச் சாலை, அதில் சைக்கிளில் ஒரு பையன் போவது தெரிகிறது. நடுவில் இருப்பது இருபது அடி அகலத் தண்ணீர்தான். கைபேசி வரைபடம் ‘நேராகச் செல்லவும்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா என் ஷூவைப் பார்த்தார். “எறங்கிடாதீங்க தம்பி. காலு திரும்பி வரும், இது வராது. பின்னாடி போங்க, மதகு இருக்கு” என்றார். வந்த வழியே ஒன்றரை கிலோமீட்டர் திரும்பி நடந்தேன்.

காவிரி டெல்டாவில் நடக்க நினைக்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இங்கே மலை இல்லை, மூச்சு வாங்காது. திசையும் தவறாது, தண்ணீர் எல்லாம் கிழக்கே கடலுக்குத்தான் போகிறது. ஆனால் ஒவ்வொரு அரை கிலோமீட்டருக்கும் ஏதாவது ஒரு வாய்க்கால் குறுக்கே வரும். அதைக் கடப்பதுதான் சங்கதி.

பழகுவதற்கு நான் சொல்வது திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு, தரங்கம்பாடி வழி. பத்துப் பதினோரு கிலோமீட்டர் வரும். கோயில், தேவாலயம், கோட்டை, தோப்பு, கடைசியில் கடல் என்று எல்லாம் ஒரே காலைப் பொழுதில் கிடைக்கும்.

படி 1: முதலில் மாதம், பிறகு தேதி

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். தண்ணீர் வரத்தைப் பொறுத்துத் தேதி முன்பின் ஆகும். நாம் நடக்கப்போவது கடைமடை, அதாவது ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே வராதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் வாய்க்கால் கரை முழுக்கக் களிமண் வழுக்கும், ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ மண் ஒட்டிக்கொண்டு வரும். பங்குனி பிறந்துவிட்டால் வெயில் தாங்காது. சம்பா அறுப்பு முடிகிற தை பிற்பாதியிலிருந்து மாசி முடிய உள்ள காலம்தான் நடைக்கு ஏற்றது.

ஒன்று கவனியுங்கள். அறுப்பு முடிந்த வயல் வெறும் அறுத்த தாளாகத்தான் தெரியும், குறுக்கே நடந்தால் என்ன என்று தோன்றும். கொஞ்சம் குனிந்து பாருங்கள். அறுத்த தாளுக்கு நடுவே இரண்டு இலையோடு உளுந்தோ பச்சைப்பயறோ முளைத்திருக்கும். நெல் நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், ஈரம் காய்வதற்குள் விதையைத் தெளித்துவிடுவார்கள். உழவு கிடையாது, தனியாகத் தண்ணீர் கிடையாது, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும்தான் அதை வளர்க்கின்றன. நாம் காலி வயல் என்று நினைத்து மிதிப்பது இன்னொருவருடைய அடுத்த வெள்ளாமை. அதனால் வரப்பை விட்டு இறங்காதீர்கள்.

படி 2: பாலத்தைக் குறித்துவிட்டுப் பாதையைக் குறியுங்கள்

முந்தின நாள் இரவு கைபேசி வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஊர்களைத் தேடுவதற்கு முன் ஆறும் வாய்க்காலும் எங்கெல்லாம் சாலையை வெட்டுகின்றன என்று பாருங்கள். அங்கெல்லாம் பாலமோ மதகோ இருக்கும், அவற்றை ஒவ்வொன்றாகக் குறித்துவிட்டு அப்புறம் புள்ளிகளை இணையுங்கள். கோணல்மாணலாக வரும், பரவாயில்லை, டெல்டாவில் அதுதான் நேர்வழி. வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்வதும் நல்லது.

தென்னை மரத்தைக் குறுக்கே போட்ட பாலங்களும் உண்டு. அவற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள். போன வருடம் இருந்த மரம் இந்த வருடம் இருக்காது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேராகவே தரங்கம்பாடிக்கு வந்துவிடலாமே என்று கேட்பீர்கள். வரலாம், லாரிகளுக்கு ஓரம் ஒதுங்கிக்கொண்டே வரவேண்டியிருக்கும். அதற்குப் பேருந்திலேயே வந்துவிடலாம்.

படி 3: பை

இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது துண்டு, கொஞ்சம் சில்லறை, கையில் ஒரு குச்சி. குச்சி பாம்புக்கும் நாய்க்கும். புல் மண்டிய கரையில் முன்னால் தட்டிக்கொண்டே போனால் பாம்பு பெரும்பாலும் தானாக விலகிவிடும். பார்க்காமல் மிதித்தால்தான் ஆபத்து. ஒட்டும் மண்ணுக்குக் கனமான ஷூவைவிடப் பின்வார் வைத்த ரப்பர் செருப்பு மேல், கழுவினால் போய்விடும். தேவாலயத்துக்கும் கோயிலுக்கும் போகிறோம், தோளும் முழங்காலும் மூடிய உடை போதும்.

படி 4: ஆறு மணிக்குத் திருக்கடையூர்

மயிலாடுதுறையிலிருந்து முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடித்துவிடுங்கள். அவ்வளவு காலையிலேயே அமிர்தகடேசுவரர் கோயில் வாசலில் மாலையும் கழுத்துமாக வயதான தம்பதிகள் நிற்பார்கள். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நாள் தவறாமல் நடக்கும் ஊர் இது. மார்க்கண்டேயனுக்காகச் சிவன் காலனை உதைத்த தலம் அல்லவா! இந்தக் கூட்டத்தின் புண்ணியத்தில் நமக்கும் விடியற்காலையிலேயே சூடாக இட்லி கிடைக்கும். சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள், அடுத்த நல்ல சாப்பாடு பொறையாற்றில்தான்.

படி 5: தில்லையாடி வரை, முதல் நாலைந்து கிலோமீட்டர்

கிராமச் சாலையில் தெற்கே இறங்குங்கள். இரண்டு பக்கமும் வயல், நடு நடுவே மூங்கில் புதர், வரிசையாகப் பனை. டெல்டாவில் காடு வேண்டும் என்றால் கோடியக்கரைக்குத்தான் போகவேண்டும், அங்கே வனத்துறை அனுமதியில்லாமல் நடக்க முடியாது. இங்கே நமக்குக் கிடைப்பது தோப்பு நிழல். தோப்புக்குள் போக ஆசையிருந்தால் யாரையாவது கேட்டுவிட்டுப் போங்கள். கேட்டால் மறுக்கமாட்டார்கள், சில நேரம் இளநீரும் வெட்டிக் கொடுப்பார்கள்.

சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தால் ஓரமாகச் சுற்றிப் போங்கள். ஒரு பெரியவர் காலாலேயே நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டே “எந்த ஊரு?” என்று கேட்பார். நடந்து போகிறேன் என்று சொன்னால் நம்பமாட்டார், பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்லி அனுப்புவார். 1980-கள் வரை இந்தப் பக்கம் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ரயிலே ஓடியது. வயதானவர்கள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

தில்லையாடியில் வள்ளியம்மை நினைவு மண்டபம் இருக்கிறது. வள்ளியம்மை பிறந்ததும் இறந்ததும் ஜோகன்னஸ்பர்க்கில், இது அவருடைய குடும்பத்தின் ஊர். தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய சத்தியாகிரகத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-இல் இறந்தார். வயது பதினாறு. அடுத்த வருடமே காந்தி இந்த ஊருக்கு வந்தார். கைத்தறித் துணி வாங்க சென்னை எழும்பூரில் ‘தில்லையாடி வள்ளியம்மை மாளிகை’க்குப் போயிருப்பீர்கள், அந்தப் பெயர் இந்த ஊரிலிருந்து போனது. நினைவு மண்டபத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 6: பொறையாறு

தில்லையாடியிலிருந்து கிழக்கே. வாய்க்கால் கரையில் நடந்து பார்க்க ஆசையா, இந்தத் துண்டில் முயற்சி செய்யலாம். பாசன வாய்க்காலின் கரை வயலைவிட உயர்ந்து இருக்கும், நடக்க வசதி. வடிகால் பள்ளத்தில் ஓடும், கரையில் முள் மண்டியிருக்கும். எது எது என்று தெரியவில்லையென்றால் மதகைப் பாருங்கள். வயலுக்குள் தண்ணீர் விடுகிற சின்ன மதகுகள் வரிசையாக இருந்தால் அது பாசனம். வயலிலிருந்து வழிந்து வந்து விழுந்தால் வடிகால். என்னைப் போல வடிகால் பக்கம் ஒதுங்கிவிட்டால் பாலம் வரும்வரை கரையேற வழியில்லை.

பொறையாற்றில் சாப்பிடுங்கள். பக்கத்திலேயே கடுதாசிப்பட்டறை என்று ஒரு இடம் உண்டு. பெயரைக் கேட்டதும் சிரிப்பு வரும், காரணம் தெரிந்தால் வராது. தரங்கம்பாடிக்கு 1712-இல் அச்சு இயந்திரம் வந்தது. காகிதம் கப்பலில் வரவேண்டியிருந்ததால் மிஷனரிகள் இங்கேயே காகிதம் செய்யப் பட்டறை போட்டார்கள். பட்டறை போய்விட்டது, பெயர் நிற்கிறது.

படி 7: தரங்கம்பாடிக்குள்

ஊருக்குள் நுழைவது 1792-இல் கட்டிய கோட்டை வாசல் வழியாகத்தான் இருக்கவேண்டும். வேறு சந்து வழியாக வந்துவிட்டால் திரும்பிப் போய் இதன் வழியாக நுழையுங்கள், நான் அப்படித்தான் செய்தேன். வாசலைத் தாண்டியதும் ராஜ வீதி நேராகக் கடலைப் பார்க்கப் போகும்.

இந்த வீதியில் இரண்டு தேவாலயங்கள். 1701-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய சீயோன் ஆலயம் ஒன்று. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் மற்றொன்று, 1718. அவசரமென்றால் இரண்டாவதை மட்டும் பாருங்கள். முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் பெயர் எழுத்து கிரீடத்தோடு இருக்கிறது. உள்ளே பலிபீடத்தின் அருகே சீகன்பால்குவின் கல்லறை. 1706-இல் வந்திறங்கித் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு, 1719-இல் இறந்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு. ஞாயிறு காலையில் வழிபாடு நடக்கும், அந்த நேரத்தில் படமெடுக்கப் போகாதீர்கள்.

வீதி முடிகிற இடத்தில் டேனிஷ் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-இல் கட்டத் தொடங்கியது, 1845-இல் ஆங்கிலேயர் கைக்கு விலைபேசிப் போனது. உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது. விடுமுறை நாளைப் பொறையாற்றுத் தேநீர்க் கடையிலேயே கேட்டுவிடுங்கள், நடந்து வந்து பூட்டைப் பார்ப்பது கொடுமை.

கடைசியாக, கோட்டைக்கு வடக்கே கடற்கரையை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிச்சத்தை எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். அலைக்கும் சுவருக்கும் நடுவே கொட்டிய பாறைகளில் ஒன்றைப் பார்த்து உட்காருங்கள். செருப்பைக் கழற்றிக் கடல் தண்ணீரில் அலசினால் தில்லையாடி மண் கரைந்து போகும்.

மயிலாடுதுறைப் பேருந்துக்குக் கோட்டை வாசல் வழியாகவே திரும்பிப் பெரிய சாலைக்கு வந்துவிடுங்கள். பதினோரு மணிக்குள் ஏறிவிட்டால் ஜன்னலோர இடம் கிடைக்கும்.